வளர்ப்புப் பராமரிப்புக்கு வரும் குழந்தையும் சமூகப் பணியாளரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோருடன் வாழ முடியாத நிலையில் உள்ள ஒரு குழந்தையை வேறொரு குடும்பத்தில் சேர்க்கும்போது சட்டம் என்ன சொல்கிறது, சமூகப் பணியாளர் என்ன செய்ய வேண்டும் என்பவை பற்றித் தமிழ்நாட்டில் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. வளர்ப்புப் பெற்றோராக விரும்புவோரையும், இத்துறைக்குப் புதிதாக வரும் பணியாளர்களையும், சமூகப் பணி மாணவர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

வளர்ப்புப் பராமரிப்பும் தத்தெடுப்பும் ஒன்றுதானா?

இல்லை. தத்தெடுப்பில் பெற்ற குடும்பத்துடனான சட்ட உறவு முடிந்து, குழந்தை புதிய பெற்றோரின் பிள்ளையாக எல்லா உரிமைகளோடும் ஆகிவிடுகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் பெற்றோர் பெற்றோராகவே இருக்கிறார்கள். அவர்களால் இப்போதைக்குச் செய்ய முடியாத அன்றாடப் பராமரிப்பை இன்னொரு குடும்பம் ஏற்றுக்கொள்கிறது. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் 44-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. ஓராண்டுக்கு மேற்படாதது குறுகிய காலப் பராமரிப்பு என்றும், அதற்கு மேல் நீள்வது நீண்ட காலப் பராமரிப்பு என்றும் விதிகள் பிரிக்கின்றன. சொத்து, வாரிசுரிமை, குடும்பப் பெயர் ஆகிய எதுவும் இதனால் மாறுவதில்லை. "பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை கிடைக்கும் வழி" என்று நினைத்து விண்ணப்பிப்பவர்களிடம் இதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், குழந்தை தன் வீட்டுக்குத் திரும்பும் நாளில் இரு தரப்பும் உடைந்துபோகும்.

எந்தக் குழந்தைகள் இதற்கு வருகிறார்கள்?

பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் நீண்ட நாள் நோயில் கிடப்பது, தாயும் தந்தையும் சிறையில் இருப்பது, குடியால் வீட்டில் அடியும் உதையும் ஓயாமல் இருப்பது, மனநோய்க்குச் சிகிச்சை பெறும் தாய்க்கு வேறு துணை இல்லாதது போன்ற சூழல்களிலிருந்து பெரும்பாலானோர் வருகிறார்கள். குழந்தைகள் இல்லங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்து, பார்க்க வர யாருமில்லாத பிள்ளைகளும் இதில் அடங்குவர். மத்திய அரசு 2024-இல் திருத்தி வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதல்கள் ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளையே முதன்மையாகக் கருதுகின்றன. சட்டப்படி தத்துக் கொடுக்கத் தகுதியுள்ளது எனக் குழந்தைகள் நலக் குழு கருதும் குழந்தையை நீண்ட கால வளர்ப்புப் பராமரிப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வறுமை மட்டும் காரணம் என்றால் குழந்தையைப் பிரிக்கக் கூடாது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் நிதி ஆதரவு என்ற பிரிவின்கீழ் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது. இதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு கிராமப்புறத்தில் 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். பாட்டியோ சித்தியோ வைத்துக்கொள்ள முன்வந்து, கையில் காசுதான் இல்லை என்றால், அந்த வீட்டுக்கு இந்த உதவியைப் பெற்றுத் தருவதே சமூகப் பணியாளரின் முதல் வேலை. அந்நியக் குடும்பத்தைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

முடிவெடுப்பது யார்?

குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழுவுக்குச் சட்டம் முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உரிய அதிகாரம் தந்துள்ளது. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இக்குழுவுக்குக் கையும் காலுமாக இயங்குகிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், நிறுவனம் சாராப் பராமரிப்புக்கான (இல்லங்களுக்கு வெளியே, குடும்பங்களில் நடக்கும் பராமரிப்புக்கான) பாதுகாப்பு அலுவலர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்), சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர் ஆகியோர் அதில் உள்ளனர். தமிழ்நாட்டில் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை இவற்றை நிர்வகிக்கிறது.

சமூக விசாரணை அறிக்கை எப்படித் தயாராகிறது?

குழு உத்தரவிட்டதும் குழந்தையின் குடும்பச் சூழல் பற்றிய இந்த விசாரணையைப் பதினைந்து நாட்களுக்குள் முடிக்க வேண்டும். குழந்தை முதலில் முன்னிறுத்தப்பட்டதிலிருந்து நான்கு மாதங்களுக்குள் குழு இறுதி உத்தரவு பிறப்பிக்க இது உதவ வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். படிவத்தில் குடும்பம், வருமானம், உடல்நலம், படிப்பு, பழக்கவழக்கம் என்று கட்டங்கள் உண்டு. கட்டங்களை நிரப்பினால் அறிக்கை முடிந்துவிடும், ஆனால் குழந்தையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

நல்ல அறிக்கை நான்கைந்து பேரின் வாயிலிருந்து வருவது. வகுப்பாசிரியரிடம் கேட்டால் எந்த மாதத்திலிருந்து பிள்ளை தூங்கி வழிகிறான் என்பது தெரியும். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு இரவில் எந்த வீட்டுக் கதவு தட்டப்பட்டது என்பது நினைவிருக்கும். சிறு வயதில் தடுப்பூசி போட்டார்களா, எடை எவ்வளவு இருந்தது என்பதை அங்கன்வாடிப் பணியாளர் சொல்வார். தாய்மாமனும் அத்தையும் எதிரெதிராகப் பேசுவார்கள். இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும், தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. உறவினரில் எவராவது ஏற்றுக்கொள்வார்களா என்று ஊர் ஊராகத் தேடிப் பார்த்ததற்கான பதிவும் அறிக்கையில் இருக்க வேண்டும். அவசரத்தில் இந்தத் தேடலை விட்டுவிட்டு, ஓராண்டு கழித்து ஒரு பெரியம்மா வந்து நிற்கும் நிலை இத்துறையில் புதியதல்ல.

வளர்ப்புக் குடும்பத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

குடும்பத்தின் திறன், நோக்கம், வசதி, முன்பு குழந்தைகளை வளர்த்த அனுபவம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. காவல் துறைச் சரிபார்ப்பு, மருத்துவச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தை அறிந்தவர்களின் பரிந்துரை ஆகியவற்றோடு இல்ல ஆய்வு நடக்கும். 2024 வழிகாட்டுதல்களின்படி திருமணமாகாதவர், கணவரை அல்லது மனைவியை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர் ஆகியோரும் விண்ணப்பிக்கலாம். தனித்து வாழும் பெண் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ வளர்க்கலாம். தனித்து வாழும் ஆணுக்கு ஆண் குழந்தையை மட்டுமே ஒப்படைக்க முடியும்.

தாள்களைவிட வீட்டுக்குள் கண்ணில் படுபவை முக்கியம். குழந்தை எங்கே படுக்கும் என்று கேட்டால் கூடத்தைக் காட்டுகிறார்களா, சொந்தப் பிள்ளைகள் படுக்கும் அறையைக் காட்டுகிறார்களா? வீட்டுப் பிள்ளைகளிடம் யாராவது இதுபற்றிப் பேசினார்களா? மாமியார் சம்மதித்தாரா, மௌனமாக இருக்கிறாரா? மருமகள் மட்டும் ஆர்வமாகப் பேசி, முடிவெடுக்கும் மூத்தவர் வாய் திறக்காத வீட்டில் குழந்தை மூன்று மாதம் தாங்குவது கடினம். "பெண் பிள்ளையாக இருந்தால் நல்லது, வீட்டுக்கு ஒத்தாசையாக இருக்கும்" என்று ஒருவர் சொன்னால், அந்த விண்ணப்பத்தைப் பற்றி வேறு விசாரணையே தேவையில்லை என்பது இதை எழுதுபவரின் கருத்து.

"பிள்ளை எந்த ஆளுங்க?" என்ற கேள்வி ஏதாவது ஒரு கட்டத்தில் வந்தே தீரும். குழந்தைக்குப் பழகிய மொழி, உணவு, வழிபாடு ஆகியவற்றுக்கு நெருக்கமான குடும்பத்தைத் தேடுவது குழந்தையின் நலனுக்கானது. சாதி பார்த்து ஏற்பதும் தள்ளுவதும் குடும்பத்தின் விருப்பத்துக்கானது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், சாதியைச் சொல்ல மறுப்பதோடு, அந்தக் கேள்வி எவ்வளவு வற்புறுத்தலோடு கேட்கப்பட்டது என்பதையும் இல்ல ஆய்வு அறிக்கையில் பதிவு செய்வது நல்லது.

குழந்தையிடம் என்ன சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும்?

உண்மையை, அதன் வயதுக்குப் புரியும் சொற்களில், போவதற்கு முன்பே சொல்ல வேண்டும். "ஊருக்குப் போகிறோம்", "ஹாஸ்டலில் சேர்க்கிறோம்", "அம்மா வேலைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார்" என்று சொல்லி வண்டியில் ஏற்றுவது பெரியவர்களுக்கு வசதியான வழி. அழுகையை அன்றைக்குத் தள்ளிப்போடலாம். ஆனால் அதன்பின் அந்தப் பணியாளர் சொல்லும் எதையும் குழந்தை நம்பாது. போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்கில் சாட்சி சொல்ல வேண்டிய குழந்தையாக இருந்தால் இந்த நம்பிக்கையிழப்பின் விலை இன்னும் அதிகம்.

ஏழெட்டு வயதுக் குழந்தையிடம் ஏறக்குறைய இப்படிப் பேசலாம்: "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. உன்னைப் பார்த்துக்க இப்ப அவங்களால முடியல. இது உன்னால வந்தது இல்ல. அம்மாவுக்கு வைத்தியம் நடக்கிற வரைக்கும் நீ இன்னொரு வீட்ல இருக்கப் போற. மாசத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் பார்க்கலாம்." இதில் 'உன்னால் வந்தது இல்லை' என்பதை ஒருமுறை சொன்னால் போதாது. தான் சண்டைக்கிடையில் போய் நின்றதால், தான் பள்ளியில் ஆசிரியரிடம் சொன்னதால் வீடு கலைந்தது என்று பெரும்பாலான குழந்தைகள் உள்ளூர நம்புகிறார்கள். அதை அவர்களாகச் சொல்வதற்குப் பல வாரங்கள் ஆகலாம்.

"எங்கம்மா எப்ப வருவாங்க?" என்ற கேள்விக்குத் தேதி தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்ல வேண்டும், அடுத்த முறை எப்போது வந்து பேசுவோம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லி, அந்த நாளில் தவறாமல் போக வேண்டும். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் கருத்தைக் குழு நேரடியாகக் கேட்பதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். குழுவின் அறையில் ஐந்து பெரியவர்கள் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்க, நின்றுகொண்டு பதில் சொல்லும் குழந்தை "சரிங்க சார்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாது. அதைச் சம்மதம் என்று பதிவு செய்வது நேர்மையல்ல.

முதல் நாள் குழந்தையோடு என்னென்ன போக வேண்டும்?

உத்தரவு நகல், ஆதார், பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, பள்ளியின் எமிஸ் எண் (கல்வித் துறைப் பதிவில் மாணவருக்குரிய அடையாள எண்) ஆகியவை கோப்பில் இருக்கும். அவற்றைவிடக் குழந்தை பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். துணிக்கடை பிளாஸ்டிக் பையில் இரண்டு சட்டையைத் திணித்துக் கொடுத்து அனுப்புவது இன்றும் நடக்கிறது; ஒரு நல்ல பை வாங்கிக் கொடுப்பது பெரிய செலவில்லை. அம்மாவின் பழைய புடவைத் துண்டு, உடைந்த பொம்மை வண்டி, சாமி கயிறு, தாத்தாவின் படம் என்று எதுவாக இருந்தாலும் அது அழுக்காக இருக்கிறது என்று துவைக்கவோ எறியவோ கூடாது என வளர்ப்புத் தாயிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பிள்ளை அந்த வாசனையைத் தேடித்தான் அதை வைத்திருக்கும்.

முடிந்தால் ஒப்படைப்பதற்கு முன் ஓரிரு முறை அந்தக் குடும்பத்தைக் குழந்தை சந்திக்க வேண்டும். மாலையில் இருட்டிய பிறகு கொண்டுபோய் விடுவதைத் தவிர்த்து, பகல் உணவுக்கு முன் போய்ச் சேருவது நல்லது. கழிப்பறை எங்கே, இரவில் எந்த விளக்கு எரியும், தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதைக் குழந்தை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளும். வளர்ப்புப் பெற்றோரை எப்படிக் கூப்பிடுவது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். அத்தை, பெரியம்மா, ஆன்ட்டி என்று எது வாயில் வருகிறதோ அது போதும். அம்மா என்று கூப்பிடும்படி சொல்லிக்கொடுக்கக் கூடாது.

புதிய வீட்டில் குழந்தை விநோதமாக நடந்துகொண்டால்?

பெரும்பாலும் அது விநோதமே அல்ல. சோற்றை ஒளித்துவைப்பது, தலையணைக்கு அடியில் பிஸ்கட் சேர்ப்பது, பத்து வயதிலும் படுக்கையை நனைப்பது, ஆண் குரல் உயர்ந்தால் கட்டிலுக்கு அடியில் போவது, காரணமின்றிப் பொய் சொல்வது ஆகியவை பசியையும் பயத்தையும் பார்த்த குழந்தைகளிடம் எதிர்பார்க்க வேண்டியவை. முதல் இரண்டு மூன்று வாரங்கள் குழந்தை மிகவும் அடக்கமாக இருந்துவிட்டு, பிறகு திடீரென்று கத்தவும் உடைக்கவும் தொடங்குவதும் உண்டு. "வந்தப்ப தங்கமா இருந்தான், இப்ப கெட்டுப்போயிட்டான்" என்று குடும்பம் அலுத்துக்கொள்ளும் இந்தக் கட்டத்தில்தான் சமூகப் பணியாளர் தொலைபேசியில் விசாரிப்பதோடு நில்லாமல் நேரில் போக வேண்டும். குழந்தை அந்த வீட்டை இப்போதுதான் சோதித்துப் பார்க்கிறது என்பதையும், அடிப்பதும் "திருப்பி அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவதும் அதன் பயத்தை உறுதிப்படுத்தும் என்பதையும் பொறுமையாக விளக்க வேண்டும். தூக்கமின்மையோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதோ தொடர்ந்தால் ஆற்றுப்படுத்துநரோடு மருத்துவரின் உதவியும் தேவை.

அண்ணன் தங்கைகளைப் பிரிக்கலாமா?

உடன்பிறந்தவர்களை ஒரே குடும்பத்தில் வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று 44-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்த்து வைப்பது அவர்களுக்கே கேடு என்றால் மட்டும் விலக்கு உண்டு. தம்பிக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டிப் பழகிய பத்து வயது அக்காவுக்கு, அவனைப் பிரிந்தால் தன் வேலையே பறிபோனதுபோல் இருக்கும். வேறு வழியின்றிப் பிரித்தால் அவர்கள் சந்திக்கும் நாளும் பேசும் நேரமும் உத்தரவிலேயே எழுதப்பட வேண்டும். "ஏற்பாடு செய்யப்படும்" என்ற வரியால் எதுவும் ஏற்பாடாகாது.

பெற்றோர் வந்து பார்க்கலாமா?

பார்க்கலாம். அது குழந்தையின் நலனுக்கு எதிரானது என்று குழு முடிவு செய்தாலன்றிப் பெற்றோர் குறிப்பிட்ட இடைவெளியில் சந்திக்கச் சட்டம் இடம் தருகிறது. சந்திப்புக்குப் பிறகு குழந்தை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால், "இனி அவங்க வர வேண்டாம்" என்று வளர்ப்புக் குடும்பம் கேட்பது இயல்பு. பிரிவுக்காகக் குழந்தை அழுவதையும், அச்சுறுத்தலுக்கு அஞ்சி நடுங்குவதையும் வேறுபடுத்திப் பார்ப்பது சமூகப் பணியாளரின் பொறுப்பு. முன்னதற்காகச் சந்திப்பை நிறுத்தினால் குழந்தை தன் வீட்டுக்குத் திரும்பும் வழியையே அடைத்ததாகிவிடும்.

தீபாவளி, பொங்கல் சமயங்களில் இந்தப் பேச்சு கூடுதலாக எழும். வளர்ப்பு வீட்டில் இருக்கும் சிறுமி பருவமடைந்தால் இன்னும் நுட்பமான நிலை. முதலில் தாய்க்குச் செய்தி சொல்ல வேண்டும். சடங்கு செய்வதா வேண்டாமா, தாய்மாமன் சீர் கொண்டுவருவாரா என்பவை பெற்ற குடும்பத்துக்கும் அந்தச் சிறுமிக்கும் உரிய முடிவுகள். வளர்ப்புக் குடும்பம் பாசத்தால் பந்தல் போட்டுப் பத்திரிகை அடித்துவிட்டால், அந்தச் சிறுமி வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பது ஊருக்கே தெரிந்துவிடும். முடியை வெட்டுவது, மொட்டை போடுவது, பெயரை மாற்றி அழைப்பது, வேறு மத வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்துவது ஆகியவையும் இதே வரிசையில் வருபவை.

எவ்வளவு பணம் கிடைக்கும்?

மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். அது குழந்தையின் செலவுக்கானது, வளர்ப்பவர்களுக்கான சம்பளம் அல்ல. நிதி ஒதுக்கீடு தாமதமாகும் மாதங்களும் இருக்கலாம் என்பதால், இந்தத் தொகையை நம்பியே குழந்தைக்குச் சோறு போட வேண்டிய நிலையில் உள்ள குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பது குழந்தைக்கு நல்லதல்ல.

குழந்தை நன்றாக இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

வளர்ப்புக் குடும்பங்களை மாதந்தோறும் பார்வையிட வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. பராமரிப்பில் குறை கண்டால் குழந்தையை வேறு குடும்பத்துக்கு மாற்ற வேண்டும். கூடத்தில் காபி குடித்துவிட்டு, "குழந்தை நலமாக உள்ளது" என்று எழுதிய அறிக்கையைவிடப் பயனற்ற தாள் வேறில்லை. குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும். அதன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். கையில் புதிதாகக் காய்ப்பு ஏறியிருக்கிறதா, காலையில் எத்தனை மணிக்கு எழுகிறது, வீட்டுப் பிள்ளைகள் டியூஷன் போகும்போது இது என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். வீட்டுப் பிள்ளை நாற்காலியில் அமர்ந்திருக்க, இந்தப் பிள்ளை மட்டும் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தால், அறிக்கையில் எழுத வேண்டியது அதுதான். இடையில் அவசரம் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது. அந்த எண்ணைக் குழந்தைக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பதும் பணியின் ஒரு பகுதி.

பள்ளிக்கு என்ன சொல்வது?

தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் தேவையான அளவு மட்டும். முடிந்தவரை அதே பள்ளியில் தொடரச் செய்ய வேண்டும். வீட்டை இழந்த குழந்தை நண்பர்களையும் அதே வாரத்தில் இழக்க வேண்டியதில்லை. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்ற காரணத்துக்காகப் பள்ளிகள் சேர்க்கையை மறுக்கவோ தாமதப்படுத்தவோ கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் யார், பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு வருபவர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்த்துவைத்தால், வகுப்பு நடுவே எழுந்து நின்று "உங்க அப்பா ஏன் வரல?" என்ற கேள்விக்குப் பதில் தேடும் சங்கடம் குழந்தைக்கு நேராது.

குழந்தையின் படத்தை வெளியிடலாமா?

கூடாது. பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் தெரியும் எதையும் வெளியிடுவதைச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பிறந்தநாள் கேக் வெட்டும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் வளர்ப்புப் பெற்றோருக்கும், பரிசுப் பொருள் வழங்கிப் படமெடுக்கும் நன்கொடையாளருக்கும் இது பொருந்தும்.

இரண்டாண்டு வளர்த்த பிறகு தத்தெடுக்க முடியுமா?

அந்தக் குழந்தை சட்டப்படி தத்துக் கொடுக்கத் தகுதியுள்ளதாக அறிவிக்கப்பட்டிருந்தால் முடியும். முன்பு ஐந்தாண்டு என்றிருந்த காத்திருப்புக் காலம் இப்போது இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. பெற்றோர் இருவரும் உயிரோடிருந்து, குழந்தையை ஒப்புவிக்காத நிலையில் இதற்கு வழியில்லை.

குழந்தை தன் பெற்றோரிடம் திரும்பும்போது செய்ய வேண்டியது என்ன?

பெற்றோர் மீண்டும் தகுதி பெற்றுவிட்டதாகக் குழு தீர்மானித்தால் குழந்தை வீடு திரும்பலாம். அதற்கு முன் ஒரு நாள் பகல், பிறகு ஓர் இரவு, பிறகு பள்ளி விடுமுறை என்று படிப்படியாக அனுப்பிப் பார்ப்பது நல்லது. தந்தை குடியை விட்டுவிட்டதாகச் சொன்னால் சிகிச்சை மையத்தின் பதிவையும், வாடகை வீடு பிடித்திருந்தால் அந்த வீட்டையும் நேரில் பார்க்க வேண்டும். வளர்ப்புக் குடும்பத்துக்கும் இது இழப்பு என்பதைப் பணியாளர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் விடைபெற நேரம் தர வேண்டும், இரு குடும்பமும் சம்மதித்தால் தொலைபேசித் தொடர்பைத் தொடரவும் வழி செய்ய வேண்டும். வீடு திரும்பிய குழந்தையைக் கோப்பு மூடியதோடு விட்டுவிடாமல், அடுத்த சில மாதங்களுக்குப் பின்தொடர்வதும், தேவைப்பட்டால் நிதி ஆதரவுக்கு அந்தக் குடும்பத்தை விண்ணப்பிக்கச் செய்வதும் அதே சமூகப் பணியாளரின் கையில் இருப்பதே நல்லது. புதியவர் ஒருவர் வந்தால் குழந்தை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.